அவர் சொல்லிக் கேட்டது

டாக்டர் போனில் மலையாளத்தில் நீளமாக ஏதோ சொன்னார். சத்தியதாஸ் இரண்டு முறை தலையாட்டிவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"மருந்து நல்லா பிடிச்சாச்சாக்கும். இனி ஊசி ஒண்ணும் வேண்டாம், வீட்டுல இருந்து இஷ்டம்போல சாப்பிட்டா போதும்னு சொல்லுதாரு."

ஜெபகுமாரி "சரி" என்றாள்.

திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் போய்வர சத்தியதாஸின் உடம்பு இப்போது தாங்குவதில்லை. வீடியோ கால் போதும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வயிற்றில் புற்று அவருக்கு. டாக்டர் சொல்வதை அவளுக்குத் தமிழில் சொல்பவரும் அவர்தான்.

உடன்குடியிலிருந்து கல்யாணமாகி கேரளத்துப் பாறசாலைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வார்த்தை மலையாளம் தெரியாது. பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் அவர்தான் அவளுக்காகப் பேசினார்.

மலையாள சினிமாவுக்குப் போனால் காதோரம் குனிந்து படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார். கதாநாயகி ஒரு வரி பேசினால் இவர் நாலு வரி சொல்வார். பின்வரிசைக்காரர்கள் அதட்டுவார்கள், குரல் இன்னும் தாழும், மீசை காதில் உரசும். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அப்படித்தான். ஒருமுறை கதாநாயகி கட்டிலில் கண்ணை மூடினாள். "அவ ஒறங்குதா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் கடலைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, மேலே சொல்லச் சொன்னாள்.

அந்தக் குரல் இப்போது பாதியாகிவிட்டது.

டாக்டர் மறுபடி கேட்டார்.

"ராத்திரி எனக்கு ஒறக்கம் உண்டான்னு கேக்காரு."

"விடிய விடிய முனங்குதீங்கன்னு சொல்லுங்க."

சத்தியதாஸ் சிரித்தபடி டாக்டரிடம் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். உடனே இருமல் வந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசலுக்குப் போனார்.

குழாய்ச் சத்தம் கேட்கும்வரை ஜெபகுமாரி அசையவில்லை. பிறகு போனை முகத்தருகே எடுத்தாள்.

"சாரே" என்று கூப்பிட்டு, தடங்கலே இல்லாத மலையாளத்தில் பேசினாள்.

இனி எந்த மருந்துக்கும் நோய் கேட்காது என்று சார் சொன்னது தனக்கு விளங்கிவிட்டது என்றாள். அவர் ராத்திரி உறங்குவதே இல்லை, வலிக்கு இன்னும் பலமாக ஏதாவது எழுத வேண்டும் என்றாள். தனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் குனிந்து எழுதினார்.

சத்தியதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது போன் திரை அணைந்திருந்தது.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"என்னமோ சொன்னாரு" என்றாள் ஜெபகுமாரி. "நீங்க இல்லாம எனக்கு என்ன வெளங்கும்?"