மூன்று கிளிப்புகள்

துடுப்புப் படகில் ஏற வரும் யாரையும் நான் இப்போதெல்லாம் சும்மா விடுவதில்லை. அவர்கள் போட்டிருக்கும் லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பேன். காதுவரை ஏறி வந்தால் படகு கிடையாது. "என்னய்யா, கோழியத் தூக்குற மாதிரி தூக்குற?" என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

ஏரிக்கரையில் நட்டிருக்கும் விதிப்பலகையில் ஜாக்கெட் அணிய வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறுவர் ஜாக்கெட்டுகள் எல்லாவற்றையும் வேறு பிள்ளைகள் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். காத்திருக்க மாட்டேன் என்று அழுத ஏழு வயது இளமாறனுக்குப் பெரியவர்களுடையதை மாட்டி, மூன்று கிளிப்புகளையும் நானே போட்டுவிட்டேன். படகு கவிழ்ந்தபின் அந்த ஜாக்கெட்தான் முதலில் மிதந்து வந்தது. மூன்று கிளிப்புகளும் போட்டபடியே இருந்தன. உள்ளே பையன் இல்லை.

நேற்று அவன் அம்மா வசுமதி வந்தாள். படகு கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இழுங்கண்ணே."

இழுத்தேன்.

"இன்னும் பலமா."

அவளுடைய குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின. ஜாக்கெட் அசையவில்லை.

"கழலாதும்மா" என்றேன்.

அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி இழுத்துப் பாக்க அரை நிமிஷம்கூட ஆகலையேண்ணே" என்றாள்.