ஒன்பதுக்கு ஆறு

பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்ததும் ஜாஹ்னவிக்கு வயிறு எரிந்தது.

'ஆர்.ஏ.ஐ. 6/9.'

மற்ற இங்கிலீஷ் எதுவும் புரியவில்லை. ஆனால் கணக்கு டீச்சருக்கு மார்க் புரியாதா? ஒன்பதுக்கு ஆறு. அறுபத்தாறு சதவீதம். ஃபர்ஸ்ட் கிளாஸ்.

கணவன் ராம்ப்ரஸாதுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். காஞ்சிபுரத்திலிருந்து பதறிக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவளுக்கு இப்போது நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. நாத்தனார் ஹேமாம்புஜத்தின் ஈரல் இதிலும் பாஸ்!

போன வருஷம் அவனுக்கு ஈரல் கெட்டுப்போனபோது, "என்னோடதை எடுத்துக்கோங்கோ" என்று முதலில் நின்றவள் ஜாஹ்னவிதான். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, "உங்களோடது பொருந்தாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தனிக்கட்டையான அக்கா ஹேமாம்புஜம்தான் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து சின்னக் காஞ்சிபுரம் முழுக்க ஹேமாம்புஜம் புராணம். "தம்பிக்கு உசிரைக் கொடுத்தவா" என்று கோயிலில்கூட வழி விடுகிறார்கள். தீபாவளிக்கு ராம்ப்ரஸாத், பிள்ளையார்பாளையத்துத் தறியில் சொல்லிவைத்து அக்காவுக்கு அரக்குப் பட்டு வாங்கினான். பெண்டாட்டிக்கு ஒரு சுங்குடி.

தாலி கட்டிக்கொண்டவள் நான், அவருக்குள்ளே இருப்பது இன்னொருத்தி. இதை நினைத்தால் ஜாஹ்னவிக்கு மோர்சாதம்கூட இறங்காது.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் பார்த்தேன் டாக்டர். ஒன்பதுக்கு ஆறு. நல்ல மார்க்தானே?"

"இது அந்த மாதிரி மார்க் இல்லைம்மா. வெச்ச ஈரலோட உங்க வீட்டுக்காரர் உடம்பு எவ்வளவு சண்டை போடுதுன்னு போடற கணக்கு. சைபர்னா சண்டையே இல்லை. ஏற ஏற ஆபத்து."

"அப்போ ஆறுன்னா?"

"நடுவுல நிக்குது. மூணு நாள் ஸ்டீராய்டு ஊசி போடறோம். முக்கால்வாசிப் பேருக்கு அடங்கிடும். அடங்கலைன்னா வேற ஈரல்தான் தேடணும்."

'வரதா, அவரைக் காப்பாத்து' என்று ஜாஹ்னவியின் மனசு அலறியது. அந்த அலறலுக்கு அடியிலேயே இன்னொரு குரலும் கேட்டது. ஆக, அக்கா ஈரலும் ஒத்துக்கொள்ளவில்லை. சீ என்றிருந்தது. ஆனாலும் இனித்தது.

வெளியே எஸ்.டி.டி. பூத் பக்கத்து பெஞ்சில் ஹேமாம்புஜம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது ஸ்ரீவர்தன் அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் என்னடி சொன்னார்?"

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஜாஹ்னவி ஒரே வாக்கியத்தில் கொட்டினாள்.

"உங்களோடதை அவர் உடம்பு ஏத்துக்கலையாம்க்கா."

சுருக்கென்று ஏதாவது பதில் வரும் என்று காத்திருந்தாள். ஹேமாம்புஜத்தின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று ஜாஹ்னவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடு ஜாஹ்னவி. உன்னோடதையே வெச்சிருக்கணும். நன்னாப் பொருந்தறதுன்னுதான் டாக்டர் சொன்னார்."

"என்னோடதா? பொருந்தாதுன்னாளே?"

"நான்தான் டாக்டரைத் தனியாப் பார்த்துக் கெஞ்சினேன். குழந்தைக்கு ரெண்டே வயசு, அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கத்திக்கு அனுப்ப முடியாது. நான் போனா அழறதுக்குக் குழந்தையா குட்டியா? என்னோடதை எடுத்துக்கோங்கோ, அவகிட்ட மட்டும் பொருந்தலைன்னு சொல்லிடுங்கோன்னேன்."