மைசூரில் எரியும் அடுப்பு

ஆறு வருஷப் படிப்பை ஐந்தாகச் சுருக்கிவிட்டான் முனிவேல்.

ஜியாலஜி இரண்டு வருஷம், இன்ஜினீயரிங் நாலு வருஷம். ஆனால் கணக்கு, பௌதிகம், டிராயிங், சர்வே எல்லாம் இரண்டிலும் வருகின்றன. முதல் படிப்பிலேயே அவற்றை முடித்துவிட்டால் இரண்டாவதில் ஒரு வருஷம் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம். எந்த வருஷம் எந்தப் பாடம் என்று கட்டம் போட்டுச் சிவப்பு மையில் எழுதி, காலையிலிருந்து மூன்று முறை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டான்.

"கல்லைப் படிக்க ரெண்டு வருஷமா?" என்றாள் லட்சுமியம்மாள். "நம்ம வயல்ல ஏர் ஓட்டினா ஒரே நாள்ல தெரிஞ்சிடுமே!"

குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவன். இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. காலேஜில் சேர இன்னும் ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. அப்பாவுக்குச் சென்னை ராஜ்யத்தில் சொந்தமாக வீடோ நிலமோ உண்டு என்று கிராம மணியக்காரர் எழுதித் தர வேண்டும். இன்றே தபாலில் சேர்த்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். மணியக்காரர் ஆஞ்சப்பன் பக்கத்து வீட்டுக்காரர். முனிவேலின் வீட்டு முன்னறை நிற்கும் மண் தன்னுடையது என்று ஒன்பது வருஷமாகக் கோர்ட்டுக்கு நடப்பவர். அப்பா வெங்கடப்பனும் அவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை.

போதாததற்கு, எல்லையோர ஊரான ஜூஜுவாடியில் முனிவேலின் வீட்டுக்கு நடுவில்தான் சென்னை, மைசூர் ராஜ்யங்களின் எல்லை ஓடியது.

ஆஞ்சப்பன் வரைபடமும் இரும்புச் சங்கிலியுமாக வந்து சேர்ந்தார். முனிவேலின் கையிலிருந்த தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"எதுக்குடா ரெண்டு படிப்பு? ஒண்ணு பத்தாதா?"

"கிருஷ்ணகிரியில அணை கட்டறாங்களேங்க, போய்ப் பார்த்தேன். பாறையைப் பார்க்க ஒரு ஆபீசர், அதுமேல கட்ட ஒரு ஆபீசர். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா?"

"சம்பளம் ஒண்ணுதான் குடுப்பான்."

அப்பா மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "எழுதித் தர வந்தவங்க எழுதித் தந்துட்டுப் போகலாம். நக்கல் எதுக்கு?"

"அளக்காம எழுத நான் என்ன ஜோசியனான்னு உங்கப்பனைக் கேளுடா," என்றார் ஆஞ்சப்பன், இரண்டடி தள்ளி நின்ற அப்பாவின் காதில் விழும்படி. "சர்வே படிக்கப் போறவன்தானே? சங்கிலியைப் பிடி. ஒரு கணுவுக்கு ஒரு அடி. ரோட்டுக் கல்லிலிருந்து அறுபது அடி வரைக்கும் நம்ம ராஜ்யம். அதுக்கு அந்தாண்டை மைசூர்."

கல்லோடு சங்கிலியை அழுத்திக்கொண்டு அவர் குனிந்தார். முனிவேல் மறுமுனையை இழுத்துக்கொண்டு முன்னறையைத் தாண்டி ஓடினான். சமையலறைச் சுவர் தொடங்கும் இடத்தில் நின்று கணுக்களை எண்ணினான்.

அறுபத்திரண்டு.

மறுபடியும் எண்ணினான். அறுபத்திரண்டேதான்.

"எத்தனைடா?"

மணியக்காரருக்குக் கண் மங்கல். அங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஐம்பத்தெட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சமையலறையும் சென்னை ராஜ்யத்துக்குள் வந்துவிடும். சமையலறையில் வழக்கு இல்லை, வம்பு இல்லை. அந்த மண் அப்பாவுடையது. அம்மா கதவோரம் நின்று தலையை ஆட்டினாள், சொல்லேன் என்பது போல.

சிவப்பு மைக் கட்டங்கள் ஐந்தும் முனிவேலின் கண்முன் வந்து போயின.

"அறுபத்திரண்டுங்க."

"சரியா எண்ணினியா?"

"ரெண்டு தரம் எண்ணிட்டேங்க."

ஆஞ்சப்பன் கடகடவென்று சிரித்தார். "லட்சுமியம்மா, உன் அடுப்பு மைசூர்ல எரியுது! களி மட்டும் இங்கே வந்து தின்னுறீங்க!"

சமையலறை மைசூர். மாட்டுக்கொட்டகை மைசூர். வயல் முழுக்க மைசூரின் அத்திப்பள்ளிப் பக்கம். மிஞ்சியது முன்னறை ஒன்று. அதையும் தன் மண் என்கிறவர்தான் எழுதப் போகிறார்.

ஆஞ்சப்பன் சங்கிலியைச் சுருட்டினார். முழங்காலில் பலகையை வைத்து வெகுநேரம் எழுதினார். முத்திரை குத்தி, நாலாக மடித்து முனிவேலிடம் நீட்டினார்.

"பஸ்ஸு போயிடப் போவுது. ஓடு."

அவர் வாசலைத் தாண்டும்வரை அப்பா மாட்டைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு வெடித்தார்.

"அடுத்த மாசம் தீர்ப்பு! இன்னிக்கு நமக்குச் சாதகமா ஒரு வரி எழுதுவானா அந்த ஆளு? வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். அஞ்சு வருஷத்தையும் நீயே அடிச்சுட்டியேடா!"

"பொய் சொல்லியா நான் முதல் சர்வே பண்ணணும்?" என்றான் முனிவேல்.

"அப்ப அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடு. படிச்சு வேற வயிறெரியணுமா?"

கிழிக்க மனம் வரவில்லை. மடிப்பைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினான். முதல் பாதியைத் தாண்டியதும் குரல் தானாக உயர்ந்தது.

"...அளந்து பார்த்ததில், சமையலறையும் கொட்டகையும் மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்தவை. முன்னறை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. அந்த முன்னறையும் அது நிற்கும் மண்ணும் மேற்படி வெங்கடப்பனின் பூர்வீகச் சொத்து. அதில் வேறு எவருக்கும் பாத்தியதை இல்லை."

"வேறு எவருக்கும்னா?" என்றாள் அம்மா.

முனிவேல் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான். படிக்கத் தெரியாவிட்டாலும், ஒன்பது வருஷமாகக் கோர்ட்டுக் காகிதங்களில் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிப்போன ஆஞ்சப்பனின் கோணல் கையெழுத்து அடியில் இருந்தது.