தோல் சீவிய பேரிக்காய்

மான்சிக்குக்குக் கிதே தரவேண்டியது ஒரு லட்சத்து அறுபதாயிரம் வோன். அவன் அப்பாவின் சமாதி மேட்டில் ரெண்டு வருஷமாகப் புல் வெட்டிய கூலி.

சுசொக் பண்டிகைக் காலை. முன்னோர் சமாதிகளைக் கும்பிட ஊரே குடும்பம் குடும்பமாக மலையேறிக்கொண்டிருந்தது. மான்சிக் மட்டும் விடியும்போதே வந்து மேட்டருகே தனியாக உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்ததும் இல்லை. அவர் பக்கத்தில் பிள்ளைச் சத்தம் கேட்பது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான்.

சியோலிலிருந்து கிதே, பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகளோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"காசு எங்க போயிடும்ணே? இப்படி வழி மறிச்சு உக்காந்திருக்கீங்க."

மான்சிக் சிரித்து வைத்தார்.

அங்கே பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு மேடு, ரெண்டுக்கும் பெயர்க்கல் இல்லை. அப்பாவைப் புதைத்தபோது கிதே கப்பல் வேலையில் எங்கோ கடலில் இருந்தான். மூணு வருஷம் கழித்துத்தான் முதல் தடவையாக இங்கே வந்தான்; அன்று முதல் வருஷா வருஷம் வருகிறான்.

"ரெண்டு மேட்டையும் வெட்டியிருக்கீங்க. அதுக்கும் என் தலையிலயா கூலி?"

"அது கெடக்கு தம்பி. வெயில் ஏறுறதுக்குள்ள கும்பிடுங்க."

வழக்கமான மேட்டின் முன்னால் பாய் விரித்து, கொழுக்கட்டையும் அரிசிக் கள்ளும் வைத்தார்கள். மான்சிக் தன் பையிலிருந்து தோல் சீவிய பேரிக்காய் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வருஷா வருஷம் இதை வேற கொண்டாந்துடுறீங்க. எங்கப்பாவுக்குப் பேரிக்காய்னாலே பல்லு கூசும்ணே."

"போன எடத்துல பல்லு ஏது?"

பிள்ளைகள் ரெண்டு தடவை விழுந்து கும்பிட்டன. சின்னவள் மேட்டைத் தட்டிக்கொடுத்து, "குளிருதா?" என்று கேட்டாள். மான்சிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிதே ஒரு உறையை நீட்டினான்.

"மொத்தப் பாக்கியும் இருக்கு. இதோட சரிண்ணே. அடுத்த மாசம் ஆள் வச்சுத் தோண்டி, அப்பாவை எரிச்சு, சாம்பலை சியோலுக்கே கொண்டுபோயிடுறோம். வருஷா வருஷம் இவ்வளவு தூரம் வர முடியல."

மான்சிக் உறையை அவன் சட்டைப்பையிலேயே செருகினார்.

"வேணாம் தம்பி. புள்ளைங்க விழுந்து கும்பிட்டதுலயே கணக்கு தீர்ந்துபோச்சு."

"அதெப்படிண்ணே? ஒழைச்ச காசு."

"தோண்டுறப்ப அந்தப் பக்கத்து மேட்டைத் தோண்டுங்க. இது எங்கம்மா."