கடைசிப் பால்

“எனக்குக் கடைசிப் பால் ஊத்துதவங்களுக்குத்தாம்லே ரைஸ்மில்லு” என்று சொல்லிவிட்டு, பிள்ளையில்லாத ஆவுடையப்பர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அப்போதுதான் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். தம்பி மகன் பிச்சையா உடனே ஒரு ஸ்பூன் பாலை அவர் வாயில் ஊற்றினான். அது தொண்டையில் இறங்குவதற்குள், “மாமா, எங்கையால ஒரு வாய்” என்று தங்கை மகள் கோமதி அடுத்த ஸ்பூனை ஊற்றினாள். எது கடைசி என்பது எமனுக்குத்தான் தெரியும் என்பதால் இருவராலும் நிறுத்த முடியவில்லை. கட்டிலுக்கு அந்தப்பக்கம் அவனும் இந்தப்பக்கம் அவளுமாக, சோறு தூக்கம் மறந்து, ஒருவரையொருவர் முறைத்தபடியே ஊற்றினார்கள். பிச்சையா ஒரு கறவை மாட்டையே ஓட்டிவந்து வாசலில் கட்டினான். கோமதி பாலில் பாதாம் அரைத்துக் கலந்தாள். நாளாக ஆக இருவரும் எலும்பும் தோலுமானார்கள். பெரியவருக்குக் கன்னத்தில் சதை போட்டது. சங்கு ஊதுகிறவர் வந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒருநாள் காலையில் ஆவுடையப்பர் தானாகவே எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். மீசையில் ஒட்டியிருந்த பாலாடையை வழித்து நக்கிக்கொண்டு கேட்டார்: “நேத்து ஒரு ஸ்பூன்ல மட்டும் தண்ணி கலந்திருந்திச்சே. அது யாரு?” ஸ்பூன்கள் அந்தரத்தில் நின்றன. கட்டிலுக்கு இருபுறமிருந்தும் ஒரே சமயத்தில் இரண்டு விரல்கள் எதிரெதிரே நீண்டன. அவர் நிம்மதியாக வாயைத் திறந்தார்.