ஒடிந்த கம்பி

“எந்திரிச்சாச்சா தவ்பீக்? பத்து மணிக்குக் கமிட்டி. நீங்க இல்லாம முடிவு பண்ண முடியாது.”

“வந்துடறேன் மேடம்.”

தவ்பீக் போனை வைத்தான். கெய்சரைப் போட்டான். டீ கொதிக்கும்வரை அடுப்பருகே நின்றான். ஒரு பன்னை நனைத்துத் தின்றான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஜெர்கின், ஹெல்மெட், அளவு பார்க்கும் கருவிகள். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு பைக்கை எடுத்தான்.

கட்டபெட்டு டீ ஃபாக்டரியின் பழைய குடோனில் இரண்டு கார்கள் நின்றன. மேலே தகடு போர்த்தாத வெறும் எலும்புக்கூடுகள். மலை ஏறும் கார் பந்தயம் அது. வருடத்துக்கு ஐந்து சுற்று. போட்டியாளர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். அடுத்த மூன்று வருடங்களுக்கு எந்தக் கார், அதன் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, யார் செய்து தருவது என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். ஒரு கார் புனே கம்பெனியுடையது. மற்றது கேத்தியில் இருக்கும் சின்னராஜின் பட்டறையில் செய்தது. இதுவரை ஓடிய கார்களும் அவர் செய்தவைதான்.

கமிட்டியில் மூன்று பேர். இந்துமதி தலைவி. ஆறுமுகசாமி ஃபாக்டரி முதலாளி. பந்தயம் நடப்பது அவருடைய எஸ்டேட் ரோட்டில். தவ்பீக் இன்ஜினியர்.

“ஏனுங்க சின்னராஜு, இது காரா, கோழிக்கூண்டா?” என்றார் ஆறுமுகசாமி.

“கோழிக்கூண்டுக்கு இத்தனை வெல்டிங் வெக்கிறதில்லீங்க முதலாளி.”

“வெல்டிங்கைப் பத்தி நீங்க பேசாதீங்க. போன வருஷம் ஏழாவது வளைவுல ஹுமா வண்டியோட முன்சக்கரத்தைத் தாங்கற கம்பி ஒடிஞ்சு கிடந்துச்சா, இல்லையா? இருபத்தெட்டு வயசுப் பொண்ணு, போய்ச் சேர்ந்துட்டா.”

இந்துமதி தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆறுமுகசாமி சார், போதும்” என்றார்.

“அன்னைல இருந்து எனக்கு ஒழுங்கா வேலையே வர்றதில்லீங்க” என்றார் சின்னராஜ். “ஒரு டிரெய்லர் கொக்கிகூட என்னை நம்பிக் குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த ஆர்டரும் போச்சுன்னா பட்டறையைப் பூட்டிட்டு, கேரட் கழுவற கூலி வேலைக்குத்தான் போகோணும்.”

“அதுக்காக இன்னொரு உசுரோட விளையாட முடியுமா?”

“அதனாலதானுங்க இந்தத் தடவை கம்பியை ரெண்டு மடங்கு தடிமனா வெச்சிருக்கேன். அதைத் தாங்கறதுக்கு ஃபிரேமையும் பலப்படுத்தியிருக்கேன்.”

தவ்பீக் குனிந்து அளந்தான். இரண்டு கார்களையும் எடை மேடையில் ஏற்றி இறக்கச் சொன்னான். அளந்து முடிக்க அரை மணி நேரம் ஆனது.

“புனே கார் ரொம்பத் தாழ்வா இருக்கு. நம்ம கொண்டை ஊசி வளைவுல அடி தட்டும்” என்றான். “சின்னராஜண்ணன் கார் விதிக்கு மேல பதினொரு கிலோ.”

“தாழ்வா இருக்கறதைத் தூக்கிக்கலாம். விதியைத் தாண்டினா தாண்டினதுதான்” என்றார் ஆறுமுகசாமி. “புனேக்காரனுக்கே எழுதுங்க மேடம்.”

இந்துமதி பேனாவை எடுத்தார்.

“பழைய கம்பியையே போட்டா எடை சரியாயிடும்” என்றான் தவ்பீக்.

பேனா நின்றது.

முதலில் பதறியது சின்னராஜ்தான். “வேண்டாமுங்க சார். எனக்கு ஆர்டரே வேண்டாம். அந்தக் கம்பியை மட்டும் மறுபடி செய்யச் சொல்லாதீங்க.”

“அண்ணே, கம்பி ஒடிஞ்சு வண்டி பாறைல மோதலை. மோதினதுலதான் கம்பி ஒடிஞ்சுது. உங்க கம்பில தப்பே இல்லை.”

சின்னராஜ் எடை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் இந்துமதி.

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சும் பதினொரு மாசமா இந்த மனுசனை ஊரே ஏசறதைப் பார்த்துட்டு இருந்தீங்களா?” ஆறுமுகசாமியின் குரல் உயர்ந்தது. “ஏன் தம்பி?”

தவ்பீக் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“எதிர்ச்சரிவுல நின்னு ஒவ்வொரு வண்டிக்கும் ஒருத்தர் ரேடியோவுல வழி சொல்லுவோம் இல்லீங்களா? அன்னைக்கு ஹுமாவுக்குச் சொன்னது நான். பேசினது பூரா இதுல பதிவாகியிருக்கு.”

“வேண்டாம் தவ்பீக்” என்றார் இந்துமதி. “உங்க மனைவியோட கடைசிப் பேச்சு அது. எங்களுக்காக நீங்க அதை மறுபடி கேட்கணும்னு இல்லை.”

“தினமும் கேட்கறதுதான் மேடம்.”

பொத்தானை அழுத்தினான். இன்ஜின் இரைச்சல். அதற்கு மேலாகத் தவ்பீக்கின் குரல், அவசரமாக: “வெறும் பனிமூட்டம்தான் ஹுமா, இப்பக் கலைஞ்சுடும். எனக்கு இங்கேருந்து ரோடு தெரியுது. முதல் இடத்துக்கு அரை செகண்ட்தான் பாக்கி, பிரேக்கைத் தொடாதே.”

ஹுமா சிரித்தாள்.

“என்னங்க, வண்டி ஜம்முனு ஏறுது, ரோடுதான் சுத்தமாத் தெரியலை. உங்களுக்குத் தெரியுதுல்ல? அது போதும், வர்றேன்.”