இடுப்புவரை ரயில்வே

ரயில் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் கட்டிய கயிற்றில், நெடுஞ்சாலைக்கு மேலே வேதமுத்து தொங்கிக்கொண்டிருந்தான். பாலத்தில் மாட்டியிருந்த நகைக்கடை விளம்பரப் பலகையைக் கழற்ற நகராட்சி அனுப்பிய ஆள் அவன். மூன்று போல்ட்டுகளைக் கழற்றிவிட்டான். பலகையின் பாரம் முழுக்க நான்காவது போல்ட்டிலும் அவன் தோளிலும் இருந்தது. பலகையில் சிரிக்கும் மணப்பெண்ணின் மூக்குத்தி அவன் கன்னத்தில் அழுந்தியது.

அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் மேல் ரயில்வே அதிகாரி வந்து நின்றார்.

"போர்டு எங்க பாலத்துல இருக்கு. கைய எடுறா."

"தொங்குறது எங்க ரோட்டு மேல. நீ கழட்டு!" என்று சாலையிலிருந்து நகராட்சி அதிகாரி கத்தினார். அவரைச் சுற்றிக்கொண்டு லாரிகள் நிற்காமல் போயின.

"சீக்கிரம் பேசி முடிங்க சார். தோள்பட்ட கழண்டுரும்போல இருக்கு."

ரயில்வே அதிகாரி அளவு டேப்பைக் கம்பியில் வைத்துக் கீழே இறக்கினார். அது வேதமுத்துவின் தலையைத் தாண்டி, மார்பைத் தாண்டி, இடுப்பில் வந்து நின்றது.

"ரெண்டு மீட்டர். இதுவரைக்கும் எங்க இடம்."

நகராட்சி அதிகாரி அண்ணாந்து பார்த்து முதல்முறையாகத் தலையாட்டினார். "சரி, அதுக்குக் கீழ எங்களது. எழுதிக்குவோம்."

பாலம் மெல்ல அதிரத் தொடங்கியது. ரயில் வந்துகொண்டிருந்தது. நான்காவது போல்ட் தானாகச் சுழன்றது.

"சார்..."

"இரு, வேலை நடக்குதுல்ல?" என்ற ரயில்வே அதிகாரி, கீழே எட்டிப் பார்த்துக் கேட்டார். "கயிறு யாரோடது?"

"நகராட்சியோடது" என்றான் வேதமுத்து.

"அப்புறம் எங்க கம்பியில அதுக்கு என்ன வேல?" என்றபடி அவர் குனிந்து முடிச்சில் கைவைத்தார்.